கீடி பிரைமும் குரோம்பேட்டையும்: மாசடைந்த ஒரு கற்பனைக் கோள் பற்றிய விமரிசனம்

கீடி பிரைம் என்பது அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் வெளியிட்ட 'டூன்' நாவலில் வரும் ஒரு கற்பனைக் கோள். கதையின் எதிர்த்தரப்பான ஹார்கோனன் குடும்பத்தின் தாயகம் அது. நாவலில் சில பக்கங்களே வரும் இக்கோள், பின்னர் வந்த திரைப்படங்களாலும் தொடர்கதைகளாலும் ஆலைகளின் புகையும் கழிவும் பாழாக்கிய உலகமாக வாசகர் மனத்தில் பதிந்துவிட்டது. விண்வெளிக் கதைகளில் 'மாசடைந்த கோள்' என்றதும் பலரும் முதலில் சொல்லும் பெயர்களில் இதுவும் ஒன்று.

இக்கற்பனைக் கோள் மாசைப் பற்றி நமக்கு எதைக் கற்பிக்கிறது, எதை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட ஊர் குரோம்பேட்டை. நான் பிறந்து வளர்ந்து ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பகுதி அது.

2024 மார்ச்சில் 'டூன்' இரண்டாம் பாகம் திரைக்கு வந்தபோது ஒன்பதாம் வகுப்பில் இருந்த என் பேரனுடன் அதைப் பார்த்தேன். கருஞ்சூரியனின் கீழ் நிறமே இல்லாமல் கிடக்கும் கீடி பிரைம் திரையில் வந்தது. "இந்த ஊர் ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டேன். "அது வில்லனோட ஊர் பாட்டி, அப்படித்தான் இருக்கும்" என்றான். அவன் படத்தைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தான். குறை அவனிடம் இல்லை, கதையில் இருக்கிறது என்பதே என் வாதம்.

நாவலில் கீடி பிரைம்

'டூன்' சூழலியல் அக்கறை கொண்ட நாவல் என்று புகழப்படுவது. அந்தப் புகழுக்கு அது தகுதியானதுதான். ஆரகன் மாநிலக் கடற்கரையில் நகரும் மணல்மேடுகளைப் புல் நட்டுக் கட்டுப்படுத்த அமெரிக்க வேளாண் துறை செய்த முயற்சியைப் பற்றிக் கட்டுரை எழுதப் போன ஹெர்பர்ட், அந்தக் கட்டுரையை முடிக்காமல் நாவலுக்குள் இறங்கினார். நூலை வறண்ட நிலச் சூழலியலாளர்களுக்குக் காணிக்கையாக்கினார். ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' வெளியாகி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது.

நாவலின் மையக் கோளான அர்ராக்கிஸ் ஒரு பாலைவனம். அதன் மணல், காற்று, புழு, பனித்துளி, செடி ஒவ்வொன்றுக்கும் அங்கே காரணகாரியம் உண்டு. கைன்ஸ் என்ற கோளியல் அறிஞர் அந்தப் பாலையைப் பசுமையாக்க எவ்வளவு நீர் வேண்டும், எந்தச் செடியை முதலில் நட வேண்டும், எத்தனை நூற்றாண்டு ஆகும் என்றெல்லாம் கணக்கிடுகிறார். இதற்கென நூலின் இறுதியில் தனிப் பின்னிணைப்பே உள்ளது.

கீடி பிரைமுக்கு இவை எதுவும் கிடைக்கவில்லை. சொல்லடைவில் ஓரிரு வரிகள் மட்டுமே உண்டு. எந்த விண்மீனைச் சுற்றுகிறது என்பதும், அங்கே ஒளிச்சேர்க்கை குறைவு என்பதும் சொல்லப்படுகின்றன. ஒளிச்சேர்க்கை ஏன் குறைந்தது? புகையாலா, மண் கெட்டதாலா, இயல்பிலேயே அப்படியா? பதில் இல்லை. பாலைவனத்துக்கு ஒரு சூழலியலாளரைத் தந்த ஆசிரியர், ஆலை சூழ்ந்ததாகப் பின்னாளில் பெயரெடுத்த கோளுக்கு ஒருவரையும் தரவில்லை.

ஆனால் ஹெர்பர்ட்டின் கண் கூர்மையானது என்பதற்கு ஒரு காட்சி சாட்சி. ஹார்கோனன் வாரிசான ஃபெயிட்-ரவுத்தாவின் பிறந்தநாளுக்குப் பேரரசரின் நெருங்கிய நண்பரான ஃபென்ரிங் பிரபு மனைவியுடன் வருகிறார். மக்களுக்கு அன்று வேலையிலிருந்து ஓய்வு. ஊர்வலம் போகும் வீதியின் சுவர்களுக்குப் புது வண்ணம் பூசியிருக்கிறார்கள், கொடிகள் பறக்கின்றன. அந்த வீதியைத் தாண்டிப் பார்த்தால் குப்பைமேடுகளும், சொறிபிடித்த சுவர்களும், தேங்கிய கறுப்புத் தண்ணீரும், ஒதுங்கி ஓடும் மனிதர்களும் தெரிகிறார்கள். விருந்தினர் இருவரும் அதைக் கவனித்துவிடுகிறார்கள்.

அரசுப் பள்ளியில் வேலை பார்த்த எவருக்கும் இக்காட்சி விளங்கும். மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் முன்வாசலுக்கு வெள்ளையடிப்போம். பின்பக்கக் கழிவறையின் கதவு சாத்தியே இருக்கும். மாசு என்பது அழுக்கு மட்டுமல்ல, எந்த அழுக்கை எவர் கண்ணிலிருந்து மறைப்பது என்ற ஏற்பாடும் அதில் சேர்ந்தது. கீடி பிரைம் பற்றி நாவலில் உள்ள மிகச் சிறந்த பகுதி இதுவே. வருத்தம் என்னவென்றால், பின்னால் வந்தவர்கள் இதை விட்டுவிட்டு இருட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

திரையில் கீடி பிரைம்

டேவிட் லிஞ்ச் 1984-இல் எடுத்த படத்தில் ஹார்கோனன்களின் உலகம் எண்ணெயும் நீராவியும் கசியும் ஒரு பெரிய ஆலைபோல இருக்கும். அருவருப்பை உண்டாக்குவதே அதன் நோக்கம். அந்த ஆலை எதைத் தயாரிக்கிறது என்று படம் சொல்வதில்லை. உடல்நோய், கொடூரம், எண்ணெய்ப்பிசுக்கு மூன்றும் ஒரே பொருளின் மூன்று முகங்களாகக் காட்டப்படுகின்றன.

டெனி வில்நெவ் 2024-இல் எடுத்த படம் இன்னொரு வழியில் போகிறது. வெளிப்புறக் காட்சிகளை அகச்சிவப்பு ஒளியைப் பதிவுசெய்யும் கேமராவால் எடுத்திருக்கிறார்கள். மனிதத் தோல் வெளுத்து, வானம் கறுத்து, கண்கள் ஒளியிழந்து தெரிகின்றன. நான் பார்த்த திரைக்காட்சிகளில் மறக்க முடியாதவற்றுள் அதுவும் ஒன்று. ஆனால் அங்கே நடந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கோளின் நிறமின்மைக்குக் காரணம் இப்போது சூரியன் ஆகிவிட்டது. இயற்கையே கறுப்பு என்றால் அதைக் கெடுத்தவர் எவரும் இல்லை. மாசடைந்த கோள் மாசே இல்லாத கோளாகிவிட்டது. தீமை மட்டும் மிஞ்சியது.

நம் மொழியில் 'மாசு' என்ற சொல் முன்பு அழுக்கையும் மனக்குற்றத்தையும் சேர்த்தே குறித்தது. மனத்தின் களங்கத்தைத் திருக்குறளும் மாசு என்றே சொல்கிறது. இன்று காற்று மாசு, நீர் மாசு என்று அளவிடக்கூடிய பொருளில் வழங்குகிறோம். விண்வெளிக் கதை நம்மைப் பழைய பொருளுக்கே திருப்பி அழைத்துப் போகிறது. அங்கே ஊர் அழுக்காக இருப்பது ஆள்பவர் மனம் அழுக்கு என்பதற்கான அடையாளம் மட்டுமே.

குரோம்பேட்டை

ஒரு ரசாயனத்தின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட இடங்கள் உலகில் அதிகம் இல்லை. குரோம்பேட்டை அவற்றில் ஒன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் இங்கே நடத்திய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் இது. சேம்பர்ஸ் காலனி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. நான் வகுப்பில் ஆண்டுதோறும் இக்கேள்வியைக் கேட்பேன். தினமும் அந்த ரயில் நிலையத்தில் இறங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது.

ஆவாரம்பட்டை போன்றவற்றைக் கொண்டு தோல் பதனிடும் பழைய முறைக்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். குரோமிய உப்பைக் கொண்டு செய்தால் அந்த வேலை ஓரிரு நாளில் முடியும். அதனால்தான் அது பரவியது. ஆனால் பழைய குரோம் முறையில், டிரம்மில் போடும் குரோமிய உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு வெளியேறிவிடும். இது தவிர, பச்சைத்தோல் அழுகாமலிருக்கத் தடவிய சோற்றுப்பு அலசும்போது முழுவதும் தண்ணீரில் கலக்கும். குரோமியத்தைச் சுண்ணாம்பு போன்ற காரப்பொருளைச் சேர்த்துப் படியவைத்துப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பைப் பிரிப்பது அதைவிடக் கடினம், செலவும் அதிகம். நிலத்தடி நீர் உவர்த்துப்போவது பெரும்பாலும் இந்த உப்பினால்தான்.

பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். சில சூழல்களில் அது ஆறு இணைதிறன் கொண்ட வடிவமாக மாறக்கூடும். புற்றுநோயை உண்டாக்கும் நச்சு அந்த இரண்டாவது வடிவமே. குரோம்பேட்டையை ஒட்டிய நாகல்கேணி, பல்லாவரம் பகுதிகளின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை பதிவுசெய்துள்ளனர்.

இனி என் வீட்டுக் கதை. என் அப்பா அப்பகுதியில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதினார். அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் மூன்று பேர் படித்தோம். நான் பி.எட். முடித்ததும் அந்தப் பணத்தில்தான். வீட்டுக் கிணற்று நீர் முதலில் உவர்த்தது, பிறகு லேசாக மஞ்சளித்தது. "இந்தத் தண்ணியில பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று அம்மா ஒருநாள் சலித்துக்கொண்டார். "கம்பெனியை மூடினா பருப்பே வராது" என்றார் அப்பா. இருவர் சொன்னதும் உண்மை. அதற்குப் பிறகு குடிக்கவும் சமைக்கவும் தெருமுனைக் குழாயிலிருந்து குடத்தில் எடுத்துவந்தோம். கிணற்றை மூடியபோது அப்பா ஒன்றும் பேசவில்லை.

கீடி பிரைமில் என் அப்பாவுக்கு இடமில்லை. அங்கே இருப்பவர்கள் கொடுங்கோலரும் அடிமைகளும் மட்டுமே. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்து, அந்தச் சம்பளத்தால் பிள்ளைகளைப் படிக்கவைத்து, அதே ஆலையின் தண்ணீரால் தன் கிணற்றை இழக்கும் மனிதர் அந்தக் கோளில் கிடையாது. ஆனால் உண்மையான மாசடைந்த ஊர்களில் பெரும்பாலோர் அவரைப் போன்றவர்களே.

யார் வாங்குகிறார்கள்?

'டூன்' கதையில் நல்லவர்களான அட்ரைடீஸ் குடும்பத்தின் கோள் காலடான். கடலும் மழையும் நெல்வயலும் நிறைந்தது. நல்ல குடும்பத்துக்குப் பசுங்கோள், கெட்ட குடும்பத்துக்குக் கருங்கோள் என்ற இந்தப் பங்கீடு குழந்தைக் கதையில் பொருந்தும். அரசியல் நாவலில் அது பலவீனம்.

ஒரு கோளின் சுத்தம் இன்னொரு கோளின் அழுக்கோடு தொடர்பில்லாததா? பல்லாவரத்துத் தோல் பல்லாவரத்துக்காரர் காலுக்கு மட்டும் போகவில்லை. 1970-களில் பச்சைத்தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடுத்து, பதனிட்டு முடித்த தோலையும் தோல்பொருட்களையும் ஏற்றுமதி செய்ய இந்திய அரசு ஊக்கமளித்தது. வேலையும் அந்நியச் செலாவணியும் இங்கே வந்தன. கழிவும் இங்கேயே தங்கியது. காலணி போன இடங்களின் ஆறுகள் தெளிந்தன. அவ்வூர் மக்கள் நல்லவர்கள் என்பதால் அல்ல, அழுக்கு வேலை இடம்மாறியதால்.

ஹார்கோனன்களின் செல்வம் அர்ராக்கிஸின் வாசனைப்பொருளிலிருந்து வருகிறது என்று ஹெர்பர்ட் விரிவாகச் சொல்கிறார். கோள்களுக்கிடையே வணிகம் எப்படி நடக்கிறது என்பதில் அவருக்குத் தேர்ச்சி உண்டு. ஆனால் கீடி பிரைமின் பொருட்களை வாங்குபவர் யார் என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை. காலடானும் வாங்கியிருக்கலாம் என்ற எண்ணம் வந்தால் கதையின் நன்மை-தீமைக் கோடு அழிந்துவிடும்.

தமிழில் இதே பொருள்

தமிழில் விண்வெளிப் பின்னணியில் இதைத் தொட்ட அண்மைய முயற்சி ஆர். ரவிக்குமார் இயக்கி 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' திரைப்படம். வேற்றுக்கோள் விருந்தினர் ஒருவர் பூமியைக் காக்க வருகிறார். பூமியைத் துளைத்து வாயு எடுக்கும் ஒரு தொழிலதிபர் வில்லன். இயற்கை விவசாயத்தை நேசிக்கும் இளைஞன் நாயகன். குழந்தைகள் ரசிக்கும் படம்தான். எனினும் அங்கும் மாசு என்பது ஒரு தனிமனிதனின் பேராசை. அவனை வீழ்த்தியதும் நகரம் பிழைத்துவிடுகிறது.

தமிழ் நாவல் இவ்விடத்தில் பல படி முன்னே நிற்கிறது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் நொய்யலையும் களமாகக் கொண்டது. பிழைக்க வந்தவர்களின் நகரமே அங்கே பாழாகும் உலகம். வேலை தருவதும் நீரைக் கெடுப்பதும் ஒரே தொழில் என்ற சிக்கலை அது தவிர்க்கவில்லை. பின்னாளில், 2011 ஜனவரியில், சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது அந்தச் சிக்கல் ஊரறிய வெளிப்பட்டது. டி. செல்வராஜின் 'தோல்' 2012-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் வாழ்வையும் சங்கப் போராட்டத்தையும் பேசுவது. ஆற்றுக்கு முன்பே தொழிலாளியின் கையையும் காலையும் அந்தத் தொட்டிகள் அரித்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய நூல். இந்த இரண்டு நாவல்களையும் படித்தபின் கீடி பிரைமைப் பார்த்தால், அது ஒரு கோள் அல்ல, வண்ணம் தீட்டிய திரைச்சீலை என்று தோன்றும்.

ஒரு மறுப்பு

விண்வெளிக் கதை பாடநூல் அல்ல, குறியீடுகளால் பேசுவது, அதனிடம் சுத்திகரிப்பு நிலையத்தின் விவரம் கேட்பது நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கருஞ்சூரியனைப் பார்த்துத் திடுக்கிடும் ஒரு பிள்ளை, நம் ஊரும் இப்படி ஆகிவிடக்கூடாது என்று நினைத்தால் அது நன்மையே.

ஆனால் இதே நூல் பாலைவனத்துக்கு அந்த விவரங்களைத் தந்திருக்கிறது. நீரின் ஒவ்வொரு துளிக்கும் அங்கே கணக்கு உண்டு. கதைச்சுவை அதனால் குறையவில்லை, கூடியது. ஆக, விவரம் தருவது இவ்வகைக் கதையின் இயல்புக்கு மாறானது அல்ல. யாருடைய நிலத்தைக் கவனிப்பது என்ற தேர்வுதான் இங்கே உள்ளது.

அதோடு குறியீடு தவறான வழியையும் காட்டுகிறது. வில்லனின் ஊர் என்பதால்தான் பாழானது என்றால், தீர்வு வில்லனை ஒழிப்பது. நிஜத்தில் தீர்வு அப்படி வரவில்லை. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அவற்றுள் பல்லாவரமும் குரோம்பேட்டையும் அன்று அடங்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. இத்தொழில் வேலையும் அந்நியச் செலாவணியும் தருகிறது என்பதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதற்காகச் சூழலை அழிக்கும் உரிமை கிடையாது என்றது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பு யாரையும் அரக்கர் என்று சொல்லவில்லை. செலவு எவ்வளவு, அதை யார் கொடுப்பது என்று கேட்டது. விண்வெளிக் கதை கேட்கத் தவறிய கேள்வி இதுதான்.

மாணவர்களுக்கு

பாழான கோள் வரும் எந்தக் கதையைப் படித்தாலும், பார்த்தாலும், கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. அங்கே என்ன பொருள் தயாராகிறது?
2. அதை வாங்குபவர் யார், அவர் எங்கே இருக்கிறார்?
3. கழிவு எந்த வழியாக எங்கே போகிறது?
4. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் யார்? அவருக்குக் கூலி தருபவர் யார்?
5. சீர்செய்ய எவ்வளவு காலமும் பணமும் வேண்டும், அதை யார் தருவது?

ஐந்துக்கும் பதில் இருக்கும் கதை நல்ல கதை. ஒன்றுக்கும் பதில் இல்லாதது வெறும் பின்னணிப் படம்.

இக்கேள்விகளை நம் பகுதியில் கேட்டுப் பழகலாம். பல்லாவரம் பெரிய ஏரியை 200 அடி ரேடியல் சாலை இரண்டாகப் பிரித்தது. அதே சாலை துரைப்பாக்கம் நோக்கிப் போய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் கடக்கிறது. அந்தச் சதுப்பின் ஓரத்தில்தான் பெருங்குடிக் குப்பைமேடு பல பத்தாண்டுகளாக வளர்ந்தது. 2022-இல் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலையும் அங்கே நடந்துவருகிறது. சதுப்பு நிலத்தில் குவிந்த குப்பை எந்தக் கொடுங்கோலனுடையதும் அல்ல. அது நம் வீட்டு வாளிகளிலிருந்து போனது.

படம் பார்த்த மறுவாரம் பேரனை அழைத்துக்கொண்டு, மூடிய எங்கள் பழைய கிணறு இருந்த இடத்தைக் காட்டினேன். இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. அப்பாவின் வேலையையும் கிணற்றையும் பற்றிச் சொன்னேன். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்போ கொள்ளுத்தாத்தா நல்லவரா, கெட்டவரா?" என்று கேட்டான். நல்லவர்தான் என்றேன். "அப்புறம் ஏன் கிணறு கெட்டுப்போச்சு?" என்றான். கீடி பிரைமைப் பார்த்து எவருக்கும் எழாத கேள்வி அது. அதற்கு விடை தேடும் ஒரு விண்வெளிக் கதையைத் தமிழில் யாரேனும் எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன்.